முப்பது வயது முடிவதற்குள்

பண்டபெர்க், குயின்ஸ்லாந்து
11 மார்ச் 2018

அன்புள்ள திரீனு,

என் எண்ணை நீ கைபேசியில் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மா வழியாகப் பேசலாம் என்று பார்த்தேன். "அவ பேச மாட்டேங்கறா, நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து, அழ ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் இந்தக் காகிதம். கிழித்துப் போடுவதானாலும் அதற்கு முன்னால் இரண்டு வரியாவது உன் கண்ணில் படும்.

அம்மா ஃபின்லாந்தில், துர்க்குவில் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஹாப்சாலு வீட்டுக்கு வந்து உன்னோடு இருக்கிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நீ இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாய் என்றாள். கட்டு பிரித்தாகிவிட்டது என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உன்னோடு நான் ஏன் விமானம் ஏறவில்லை என்று பிரிஸ்பேன் விமான நிலையத்தில் நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. அதற்கு முன்னால், நாட்டுப்புறப் பண்ணைகளில் மூன்று மாத வேலையை முடித்ததாகக் காட்டி மனுப் போட்டால்தான் இன்னொரு வருட விசா. பிறந்தநாள் தாண்டிவிட்டால் எத்தனை மாதம் கிழங்கு கழுவியிருந்தாலும் பயனில்லை. உனக்கு இருபத்து நான்குதான். உனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று நினைத்து, அப்படியே விட்டுவிட்டேன். உண்மைதானே.

ஹோபார்ட்டிலிருந்து கிளெனிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். படகுப் பட்டறையில் எனக்கு இடம் வைத்திருக்கிறாளாம். "பேப்பரைக் கொண்டா, பிரஷ்ஷைத் தரேன்" என்றாள். உனக்கு நினைவிருக்கும், அங்கே இருந்த ஐந்து மாதம் நீ முடிதிருத்தும் கடை வேலைக்குப் போவாய், நான் படகுகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து வர்ணம் அடிப்பேன். அங்கே என்னை ஒருவரும் யாருடைய அக்கா என்று கேட்டதில்லை.

இங்கே மழை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள்தான் வேலை. வேலை செய்த நாள்தான் கணக்கு. கிழங்கு கழுவும் பெல்ட்டில் பழைய இடத்திலேயே நிற்கிறேன். எதிரில் உன் இடத்தில் ஹேரின் என்ற கொரியப் பெண் நிற்கிறாள். சின்னவள்.

கை வலிக்கிறதா? எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன்.

மாரிகா


ஹாப்சாலு
29 மார்ச் 2018

மாரிகா,

கையெழுத்தைப் பார்த்து யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று நினைக்காதே. இடது கை. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. வீணாக எழுத என்னால் முடியாது. நேராக வருகிறேன்.

வலிக்கிறது. போன இரண்டு விரல்கள்தான் வலிக்கின்றன. மோதிர விரல் இருந்த இடத்தில் யாரோ திருகுகிறார்கள். பழகிவிடும் என்கிறார் மருத்துவர். நடு விரல் இருக்கிறது, மடங்காது.

கத்தரிக்கோலின் ஒரு வளையத்தைக் கட்டை விரலிலும் மறு வளையத்தை மோதிர விரலிலும் மாட்ட வேண்டும். நீ இதைக் கவனித்திருக்க மாட்டாய்.

ரொட்டிக் கடையில் அந்தப் பெண் மீதிச் சில்லறையை என் கையில் தருவதில்லை. மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள். முன்பு நான் வேலை பார்த்த முடிதிருத்தும் கடையின் முதலாளியம்மா வந்தாள். "எப்பம்மா வேலைக்கு வரே?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் காபியைக் குடிக்கவே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். விபத்துக்கான காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பண்ணை முதலாளி டாரன் எழுதிக் கொடுத்திருக்கிறானாம், உருளைகளின் மேலிருந்த காப்புத் தகட்டை நானே கழற்றினேன் என்று. ஓடுகிற பெல்ட்டில் கை வைக்காதே என்று சொல்லியும் வைத்தேனாம். முந்தின நாள் குடித்திருந்தேனாம்.

நீ எனக்கு எதிரில் நின்றாய். கிழங்கு சிக்கிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் தகட்டைத் திறக்க நேரமில்லை என்று அவனே ஸ்பேனரை எடுத்து வந்து கழற்றியதை நீ பார்த்தாய். "கையால தள்ளி விடுங்கடி" என்று அவன் சொன்னதைக் கேட்டாய். பார்த்ததையும் கேட்டதையும் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

பிரிஸ்பேனில் நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்காமலே வருவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோதனை வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரீனு


பண்டபெர்க்
15 ஏப்ரல் 2018

அன்புள்ள திரீனு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. உன் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே டாரன் என்னைக் கூப்பிட்டான். கிழங்குக் கொட்டகைக்குப் பின்னால் அவன் வண்டி நிற்கும் இடம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி எப்படி இருக்கா கண்ணு?"

"இரண்டு விரல் இல்லாம இருக்கா."

"பாவம். நல்ல பொண்ணு. கொஞ்சம் அவசரக்காரி." சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்தான். "இங்க பாரு. உன் பொறந்தநாள் ஜூன்ல வருது, இல்லியா? உன் வேலை நாளுக்கெல்லாம் நான்தான் கையெழுத்துப் போடணும். சம்பளம் கையில வாங்குன, சீட்டு கிடையாது. வேற எவன் சொல்லப் போறான் நீ இங்க வேலை செஞ்சேன்னு?"

"தகட்டைக் கழட்டினது நீங்க."

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலியே. கிழங்கைப் பாத்துட்டு இருந்தேன், வேற எதையும் பாக்கலன்னு சொல்லு. வேலை செய்யறவ கிழங்கைத்தானே பாப்பா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பெல்ட் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது, போய் நின்றுகொண்டேன்.

திரீனு, இன்னும் ஆறு வாரம். மழை பிடித்தால் ஏழு. அவன் கையெழுத்துப் போட்ட மறுநாளே உன் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். உண்மை ஆறு வாரத்தில் அழுகிவிடாது. அவர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை எழுதுவதற்காகவே மூன்று காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். அம்மா ஃபின்லாந்துக்குப் போனபோது எனக்குப் பதினாறு, உனக்குப் பத்து. உனக்குத் தலை பின்னிவிட்டது, கணக்குச் சொல்லித்தந்தது, காய்ச்சலில் உட்கார்ந்திருந்தது, உன் முடிதிருத்தும் பள்ளிக்காகத் தாலினுக்கு வீடு மாறியது எல்லாம் நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உன் கையைக் கட்டோடு பார்த்தபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? மறுபடியும் என்று தோன்றியது. மறுபடியும் நான் வீட்டுக்குப் போய், மறுபடியும் பொத்தான் போட்டுவிட்டு, சாகும்வரை அப்படியே என்று. உனக்காக அழுவதற்கு முன்னால் எனக்காகப் பயந்தேன். அதனால்தான் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். விசா அதற்குப் பிறகுதான்.

இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

தகடு இன்னும் மாட்டப்படவில்லை. ஹேரினின் சட்டைக் கையை மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டு நானே இறுக்கிவிடுகிறேன். "ரத்தம் ஓடலக்கா" என்று சிணுங்குகிறாள். அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை.

மாரிகா


ஹாப்சாலு
2 மே 2018

மாரிகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினேன். அம்மா படித்தாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பிறகு, "அவளுக்கு நான் பதினாறு வயசுல ஒரு புள்ளையைக் கொடுத்துட்டுப் போனேன்" என்றாள். அவ்வளவுதான்.

நான் மூன்று நாள் உன்மேல் வெறியோடு திரிந்தேன். கடற்கரை நடைபாதையில் போய், பனி உருகிக் கிடக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். சத்தமாகத்தான். நாயோடு வந்த ஒருவர் வழி மாறிப் போனார். ஆறு வாரமாம். அலுவலகம் கொடுத்த கெடு இந்த மாதக் கடைசி.

நான்காம் நாள் அம்மா தலையை நனைத்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் துண்டு. "வெட்டு" என்றாள்.

"எந்தக் கையால?"

"இருக்கற கையால."

"காதைச் சேத்து வெட்டிருவேன்."

"ரெண்டு காது இருக்கு. வெட்டுடி."

வெட்டினேன். இடது கையில் கத்தரிக்கோல் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. முடி வெட்டுப்படாமல் மடங்குகிறது. ஒரு பக்கம் தாடை வரை, மறுபக்கம் அதற்கும் மேலே. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அம்மா, "சமையலறையில தொப்பிதானே போடறோம்" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கை போன பிறகு அன்றுதான் அழுதேன்.

அன்றைக்கு யோசித்ததை எழுதுகிறேன். நீ என்னை வளர்த்தாய். வளர்க்கிறாயா என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. அக்கா என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். பயந்தேன் என்று நீ எழுதியது எனக்குச் சுட்டது. ஆனால் நீ என்னிடம் இதுவரை சொன்னதிலேயே அதுதான் பொய் கலக்காதது.

அதனால் இப்படிச் செய். வாயைத் திறக்காதே. அந்த ஆளிடம் கையெழுத்தை வாங்கு. படகுக்கு வர்ணம் அடி. வழக்கில் என்ன வருகிறதோ வரட்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் போகும் வரை காத்திருந்தால் ஜூன் தாண்டிவிடும்.

திரீனு


பண்டபெர்க், நகரத்து விடுதி
6 மே 2018

திரீனு,

உன் பதில் எதுவும் வருவதற்கு முன்னால் எழுதுகிறேன். பழைய முகவரிக்கு எழுதாதே. அங்கே நான் இல்லை.

வியாழக்கிழமை பெரிய லோடு. மழைக்குப் பிறகு பிடுங்கிய கிழங்கு, சேற்றோடு வருகிறது, உருளைக்கு உருளை சிக்குகிறது. டாரன் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். ஹேரின் அன்று ரப்பர் வளையம் போடவில்லை. மணிக்கட்டில் தழும்பு விழுகிறதென்று கழற்றி வைத்துவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழங்கைத் தள்ளிவிடக் கையை நீட்டினாள். கையுறையின் நுனி உள்ளே போனது. அவள் முகம் மாறுவதை எதிரிலிருந்து பார்த்தேன். அந்த முகத்தை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

உன் தடவை நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நீ கேட்டிருப்பாய். கத்திக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை கத்தவில்லை. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தேன். நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். நின்றது. அவள் கையை உருவிக்கொண்டாள். கையுறை மட்டும் மாட்டிக்கொண்டு கிடந்தது. அவள் தன் ஐந்து விரலையும் விரித்து விரித்துப் பார்த்தாள். கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எவடி பெல்ட்டை நிறுத்தினது?" இதுதான் டாரன் கேட்ட முதல் வார்த்தை.

"நான்."

"யாரைக் கேட்டு?"

ஏப்ரனைக் கழற்றிப் பெல்ட்டின் மேல் போட்டேன். ஹேரினைத் தூக்கி நிறுத்தி வெளியே கூட்டி வந்தேன். கிழங்கு வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வந்தது. எதிர்முனையில் இருந்த பெண், "மெதுவா சொல்லும்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். பெல்ட்டுக்கு முத்திரை வைத்தார்கள். தகடு கழிவறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். ஜனவரியில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஸ்பேனர், அவன் சொன்ன வார்த்தை, நீ முந்தின நாள் என்னோடு சீட்டாடிவிட்டுத் தேநீர் குடித்துத் தூங்கப் போனது, எல்லாவற்றையும். உன் காப்பீட்டு அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.

டாரன் என் பையைப் பண்ணை விடுதி வாசலில் வைத்துவிட்டான். கையெழுத்துப் போட மாட்டான். மாரிகா என்று ஒருத்தி இங்கே வேலை செய்ததே தனக்குத் தெரியாது என்கிறான். அலுவலகத்தார் விசாரிப்பதாகச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகுமாம்.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. உனக்காக என்றால் ஆறு வாரம் பொறுக்கலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். அதிலிருந்து நான் மாறவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நீ எனக்கு நன்றி எழுதினால் என்னால் படிக்க முடியாது.

மாரிகா


ஹாப்சாலு
24 மே 2018

அக்கா,

என் கடிதமும் உன் கடிதமும் வானத்தில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் வாயை மூடு என்று எழுதி அனுப்பிய நான்காவது நாள் நீ வாயைத் திறந்துவிட்டாய் என்று கடிதம் போட்டிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஒருத்தி கதவைத் திறக்கும்போது இன்னொருத்தி சாத்துவாள்.

எனக்காகச் செய்யவில்லை என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என்ன பொண்ணுடி இவ, கூடப் பொறந்தவளுக்கு இப்படியா எழுதுவா?" என்று அவளுக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்காக நீ அந்த ஒரு வருடத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இருக்கிற கையால் அவ்வளவு கனம் தூக்க முடியாது. அந்தப் பெண்ணின் விரல்கள் ஐந்தும் இருக்கின்றன என்று படித்தபோது என் இல்லாத விரல்கள் கொஞ்ச நேரம் வலிக்கவில்லை. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்.

உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்டது. மயக்கம் வருவதற்கு முன் கடைசியாகக் கேட்டது அதுதான். நீ பொத்தானை அடிக்காமல் ஓடி வந்தாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீ வந்தாய் என்றுதான் நினைத்திருக்கிறேன். இதை மனதில் போட்டு அரைக்காதே.

காப்பீட்டு அலுவலகம் உன் வாக்குமூலம் வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறது. மறுபடி பரிசீலிப்பார்களாம்.

இப்போது உன் விஷயம். ஹோபார்ட்டுக்கு முந்தி நீ கேரட் பிடுங்கிய பண்ணையில் சம்பளச் சீட்டு கொடுத்தார்கள், இல்லையா? அது செல்லும். அதோடு சேர்க்க வேறு பண்ணை தேடு. பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ எங்காவது மரத்தின் மேல் ஏணியில் நிற்கவில்லை என்றால் நீ என் அக்காவே இல்லை.

நீ கூப்பிட்டால் எடுக்கிறேன். ஆனால் கடிதத்தை நிறுத்தாதே. என் கையெழுத்து உருப்பட்டு வருகிறது.

திரீனு


முண்டபெரா, ஆரஞ்சுத் தோட்டம்
13 ஜூன் 2018

அன்புள்ள திரீனு,

நீ சொன்னபடி ஏணியில்தான் நின்றுகொண்டிருந்தேன். நகரத்து விடுதியிலிருந்து திருப்பிவிட்ட உன் கடிதம் இங்கே வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பறித்தால் தோல் கெட்டுவிடும் என்று தோட்டக்காரர் யாரையும் வேலைக்கு இறக்கவில்லை. நல்ல மனிதர். ஒவ்வொரு வாரமும் சம்பளச் சீட்டு தருகிறார். "மழைய நான் நிறுத்த முடியுமாம்மா?" என்று எங்கள் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்பதுபோல் கேட்டார். ஆறு நாள் பெய்தது.

நேற்று எனக்கு முப்பத்தொன்று. ஐந்து நாள் குறைகிறது.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் எல்லையில் ஒரு காரவான் வண்டியில் ஒருத்தன் இருக்கிறான். வேலை செய்யாத நாளுக்கு வேலை செய்ததாகச் சீட்டு விற்கிறான். எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நடந்து போய் அவன் கதவைத் தட்டினேன். அவன் இல்லை. படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். மழை விடாமல் கொட்டியது. பிறகு எழுந்து வந்துவிட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவன் உள்ளே இருந்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியவில்லை.

ஹேரின் இங்கேதான் இருக்கிறாள். என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். வரும்போது பழைய விடுதிக்கு நீ எழுதிய மே மாதக் கடிதத்தையும் வாங்கி வந்தாள். வாயைத் திறக்காதே என்ற கடிதம். அதை நான்கு தடவை படித்தேன். என்னைப் போகவிட்ட ஒரே ஆள் நீதான்.

நேற்று காலை ஹேரின் கடல்பாசி போட்டு ஒரு சூப் வைத்தாள். அவர்கள் ஊரில் பிறந்தநாளுக்கு அதுதான் குடிப்பார்களாம், பெற்றவளை நினைத்து. பண்டபெர்க் வரை பஸ்ஸில் போய்ப் பாசி வாங்கி வந்திருக்கிறாள். கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு இருந்தது.

"பிடிக்கலன்னா விட்டுருங்கக்கா."

"சேறு மாதிரி இருக்குடி."

"எங்கம்மா வெச்சா இன்னும் மோசமா இருக்கும்."

முழுவதையும் குடித்தேன்.

கிளெனிஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "முப்பத்தொண்ணுல என்னடி ஆயிடுது மனுஷிக்கு? என் படகெல்லாம் அறுபது தாண்டினது" என்றாள். பிறகு கெட்ட வார்த்தை சொன்னாள், என்னை அல்ல. நான் போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்தேன். மழை விட்டிருந்தது. மரம் முழுக்கப் பழம். அதில் ஒன்றைக்கூடப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி. ஜூலை கடைசியில் டிக்கெட் போட்டிருக்கிறேன். தாலினுக்கு வந்து அங்கிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். அம்மா வேலைக்குத் திரும்பட்டும். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னைக் கை மருத்துவத்துக்குக் கூட்டிப் போவது, சமையல், துணி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே. நான் பழையபடி எல்லாம் செய்வேன்.

மாரிகா


ஹாப்சாலு
28 ஜூன் 2018

அக்கா,

ஐந்து நாள். நானும் அம்மாவும் போனில் பேசும்போது அதைச் சொல்லாமலே சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் அம்மாதான் சொன்னாள், "அஞ்சு நாளு மழையை நிறுத்தி வெச்சா அந்தச் சாமிக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. நீ இழந்தாய். நான் அதைச் சின்னதாக்க மாட்டேன்.

காப்பீட்டு முடிவு வந்துவிட்டது. என்மேல் தவறு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். எதிரில் நின்ற ஒருவரின் சாட்சி அத்தனையையும் மாற்றிவிட்டது என்று அலுவலகப் பெண் போனில் சொன்னாள். பெயரை மட்டும் பார்த்திருக்கிறாள் போல, "உங்களுக்கு அவங்க யாரு?" என்று கேட்டாள். என் அக்கா என்றேன்.

கோடை நடுவில் வரும் ஜான் திருநாளில் பெரிய தீ மூட்டினார்கள். நானும் போனேன். இத்தனை மாதமாக வெளியே போனால் கையுறை போட்டுக்கொள்வேன். தீக்குப் பக்கத்தில் வெக்கை தாங்காமல் கழற்றிவிட்டேன். பள்ளியில் என்னோடு படித்த ரைனோ ஆடக் கூப்பிட்டான். வலது கையை நீட்டினான், நானும் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். அவன் ஒரு நொடி நின்றான். பிறகு இருக்கிற மூன்று விரலைப் பிடித்துக்கொண்டான். "வலிச்சா சொல்லு" என்றான். "நீ என் காலை மிதிச்சாதான் வலிக்கும்" என்றேன். மிதித்தான்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். பார்த்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது நீ பயந்தேன் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தை நீயே பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருகிறாய்.

அம்மா போன வாரமே துர்க்குவுக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் அனுப்பினேன். இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். புட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறக்கிறேன். உருளைக்கிழங்குத் தோல் சீவ முடியவில்லை, தோலோடு தின்கிறேன். காலையில் பழைய முதலாளியம்மாவின் கடையில் வாடிக்கையாளர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன், சாயம் கலக்கிறேன். கடை மூடியபின் பொம்மைத் தலையில் இடது கைப் பயிற்சி. மோசமாகத்தான் வருகிறது. வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு நீ சமைக்க வேண்டாம். என் துணியைத் தொட வேண்டாம். என்னை எங்கேயும் கூட்டிப் போகவும் வேண்டாம். நார்வேயில் படகுப் பட்டறைகள் உண்டு. அங்கே போக நமக்கு விசாவும் வேண்டாம், வயதும் கேட்க மாட்டார்கள். பெர்கன் பக்கத்தில் இரண்டு இடம் விசாரித்து வைத்திருக்கிறேன், ஒன்றில் செப்டம்பரில் ஆள் எடுக்கிறார்கள். அது ஹோபார்ட் ஆகாது, எனக்குத் தெரியும். கிளெனிஸும் இருக்க மாட்டாள். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். இங்கே உட்கார்ந்து என் பொத்தானைப் போட்டுவிடுவது மட்டும் நடக்காது.

ஆகஸ்ட் முழுக்க இரு. கடலில் குளிப்போம். உன்னோடு சண்டை போட எனக்கு நிறைய பாக்கி இருக்கிறது, நேரில்தான் போட வேண்டும், எழுதி முடியாது. சோபாவில் படுக்கை விரித்து வைக்கிறேன்.

தாலினிலிருந்து பஸ் வந்து நிற்கும் இடம் உனக்குத் தெரியும். அங்கே நான் வர மாட்டேன். நடந்து வா. உன்னிடம் பழைய சாவி இருக்கும், ஆனால் பூட்டை மாற்றிவிட்டேன், இடது கைக்குச் சுலபமாகத் திரும்புகிற பூட்டு. புதுச் சாவி உனக்குத் தர மாட்டேன். விருந்தாளிக்கு யாரும் சாவி தருவதில்லை. கதவைத் தட்டு. நான் வந்து திறக்கிறேன்.

திரீனு